ஆதரவு முடிந்த இயங்குதளங்கள்: ஆபத்துகளும் மாற்று வழிகளும்

ஆதரவு முடிவது என்றால் என்ன?

ஓர் இயங்குதளத்துக்கு ஆதரவு முடிந்துவிட்டால் கணினி அன்றோடு நின்றுவிடாது. மறுநாள் காலையிலும் வழக்கம்போல் ஆன் ஆகும். டேலி திறக்கும், பிரின்டர் ஓடும், இணையமும் வரும். நின்றுபோவது ஒன்றுதான்: அந்த இயங்குதளத்தில் இனிமேல் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளைத் தயாரிப்பு நிறுவனம் அடைத்துத் தராது. வெளியே எந்த மாற்றமும் தெரியாததால் பலரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

விண்டோஸ் போன்ற இயங்குதளம் கோடிக்கணக்கான வரி நிரல்களால் ஆனது. அவ்வளவு பெரிய நிரலில் பிழை இல்லாமல் இருக்காது. அந்தப் பிழைகளில் சில, வெளியாள் ஒருவர் கணினிக்குள் நுழையவோ அதைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரவோ இடம் கொடுத்துவிடும். இத்தகைய பிழைகளே பாதுகாப்பு ஓட்டைகள். ஆய்வாளர்கள் இவற்றைத் தேடிக் கண்டுபிடித்தபடியே இருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் 2003 அக்டோபர் முதல் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை (அமெரிக்க நேரப்படி) அவற்றுக்கான திருத்தங்களைத் தொகுத்து வெளியிட்டு வருகிறது. பேட்ச், செக்யூரிட்டி அப்டேட் என்றெல்லாம் சொல்லப்படுவது இந்தத் திருத்தத்தைத்தான். காலம் முடிந்த பதிப்புக்கு இந்த மாதாந்தரத் தொகுப்பு வராது.

தெரிந்திருக்க வேண்டிய தேதிகள்

- விண்டோஸ் எக்ஸ்பி: 2001 அக்டோபரில் வெளியானது, ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் முடிந்தது.
- விண்டோஸ் விஸ்டா: 2017 ஏப்ரல் 11.
- விண்டோஸ் 7: 2009 அக்டோபரில் வெளியானது, 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. தனியாகப் பணம் கட்டிய நிறுவனங்களுக்கு மட்டும் 2023 ஜனவரி வரை திருத்தங்கள் கிடைத்தன.
- விண்டோஸ் 8.1: 2023 ஜனவரி 10.
- விண்டோஸ் 10: 2015 ஜூலையில் வெளியானது, 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது.
- விண்டோஸ் சர்வர் 2012, 2012 ஆர்2: 2023 அக்டோபர் 10.
- சென்ட்ஓஎஸ் 7 லினக்ஸ்: 2024 ஜூன் 30.

உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு ஐந்து ஆண்டுகள் இலவசமாகத் திருத்தங்கள் வரும். ஆப்பிள் நிறுவனம் மேக் கணினிகளுக்கு முடிவுத் தேதி எதையும் முன்கூட்டியே அறிவிப்பதில்லை. நடைமுறையில் அண்மைய பதிப்புக்கும் அதற்கு முந்தைய இரண்டு பதிப்புகளுக்கும் திருத்தங்கள் வருகின்றன.

விண்டோஸ் 11 வைத்திருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் ஆண்டுப் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆயுள் உண்டு. ஹோம், புரோ வகைகளுக்கு அது 24 மாதங்கள். கணினி வாங்கிய நாள் முதல் அப்டேட்டை நிறுத்தியே வைத்திருந்தால், விண்டோஸ் 11 இருந்தும் ஆதரவு இல்லாத நிலைக்குப் போய்விடலாம்.

திருத்தமே துப்பாக மாறுவது

பழைய பதிப்பில் இருக்கும் ஆபத்து காலப்போக்கில் குறையாது, கூடிக்கொண்டே போகும். அதற்குக் காரணம் திருத்தங்கள் வெளியாகும் முறையிலேயே இருக்கிறது.

விண்டோஸின் புதிய பதிப்புகள் முழுவதும் புதிதாக எழுதப்படுவதில்லை. எக்ஸ்பியில் இருந்த நிரலின் பெரும்பகுதி விஸ்டாவுக்குப் போனது. அங்கிருந்து 7-க்கும், 10-க்கும், 11-க்கும் வந்தது. ஆகவே இன்று விண்டோஸ் 11-இல் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், அதே ஓட்டை பழைய பதிப்புகளிலும் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. புதிய பதிப்புக்குத் திருத்தம் வந்த உடனே, தாக்குபவர்கள் திருத்தத்துக்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் அருகருகே வைத்து ஒப்பிடுகிறார்கள். எந்த வரி மாறியிருக்கிறது என்று பார்த்தால் ஓட்டை எங்கே இருந்தது என்பது தெரிந்துவிடும். அதை வைத்து நடத்தும் தாக்குதல் அப்டேட் போட்டவர்களிடம் பலிக்காது. அப்டேட்டே வராதவர்களிடம் என்றைக்கும் பலிக்கும். எந்த நிறுவனத்தின் பூட்டு பழுது என்று ஊருக்கே அறிவித்துவிட்டு, ஒரு தெருவுக்கு மட்டும் பூட்டை மாற்றித் தராமல் விட்டால் எப்படியோ, அப்படி.

பழைய பதிப்புகளில் அரண்களும் குறைவு. நிரல்கள் நினைவகத்தில் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் ஏற்றப்படும் ஏற்பாடு விஸ்டாவில்தான் வந்தது. முக்கிய மாற்றம் எதையும் செய்வதற்கு முன் அனுமதி கேட்கும் பெட்டியும் அப்போதுதான் வந்தது. எக்ஸ்பியில் சாதாரணமாக உருவாக்கப்படும் கணக்கே நிர்வாகிக் கணக்கு. உள்ளே புகுந்த எந்த நிரலும் நினைத்ததைச் செய்யலாம். கணினி ஆன் ஆகும்போதே நிரல்களின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் வசதி விண்டோஸ் 8-இல் வந்து சேர்ந்தது. இவை எதையும் பழைய பதிப்பில் பேட்ச் போட்டுச் சேர்த்துவிட முடியாது.

வான்னாக்ரை: 2017 மே

பழைய, திருத்தப்படாத கணினிகளால் என்ன நேரும் என்பதற்கு வான்னாக்ரை ரேன்சம்வேர் தாக்குதல் நன்கு ஆராயப்பட்ட சான்று.

விண்டோஸ் கணினிகள் தங்களுக்குள் கோப்புகளையும் பிரின்டரையும் பகிர எஸ்எம்பி என்ற நெறிமுறையைப் பயன்படுத்துகின்றன. அதன் முதல் பதிப்பில் இருந்த ஓர் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று திருத்தம் வெளியிட்டது. ஏப்ரல் 14 அன்று ஷேடோ புரோக்கர்ஸ் என்ற பெயரில் இயங்கிய குழு, அந்த ஓட்டையைப் பயன்படுத்தும் எட்டர்னல்புளூ என்ற கருவியை இணையத்தில் போட்டது. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை உருவாக்கியதாகக் கருதப்படும் கருவி அது. மே 12 அன்று அதே கருவியைப் பொதிந்துகொண்டு வான்னாக்ரை கிளம்பியது.

இந்த ரேன்சம்வேர் பரவுவதற்கு யாரும் மின்னஞ்சலைத் திறக்கவோ இணைப்பைச் சொடுக்கவோ தேவை இருக்கவில்லை. ஒரு கணினியில் ஏறியதும் அதே நெட்வொர்க்கில் உள்ள மற்றக் கணினிகளின் 445-ஆம் போர்ட்டை அது தட்டிப் பார்த்தது. கூடவே இணையத்தில் கண்ட முகவரிகளையெல்லாம் தட்டியது. ஓட்டை உள்ள கணினி பதில் சொன்னால் தன் நகல் ஒன்றை அதில் இறக்கியது. பிறகு கோப்புகளைப் பூட்டி, 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டுச் சிவப்புத் திரை ஒன்றைக் காட்டியது. மூன்று நாளில் கட்டாவிட்டால் தொகை இரட்டிப்பாகும் என்றது. 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கணினிகள் பாதிக்கப்பட்டன. பிரிட்டனைச் சேர்ந்த ஆய்வாளர் மார்கஸ் ஹட்சின்ஸ், அந்த நிரல் தேடிய பதிவு செய்யப்படாத இணைய முகவரி ஒன்றைத் தன் பெயரில் பதிந்ததும் பரவல் அடங்கியது. அந்த முகவரியிலிருந்து பதில் வந்தால் நின்றுவிடும்படி நிரல் எழுதப்பட்டிருந்தது.

அதிகம் அடிபட்டவற்றுள் ஒன்று பிரிட்டனின் பொது மருத்துவ அமைப்பான தேசியச் சுகாதாரச் சேவை. இங்கிலாந்தில் ஐந்து பகுதிகளில் அவசர சிகிச்சை நோயாளிகள் வேறு மருத்துவமனைகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். சுமார் 19,000 மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்பது அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகத்தின் மதிப்பீடு. பின்னர் அரசு கணக்கிட்ட மொத்தச் செலவு 9.2 கோடி பவுண்டு. எக்ஸ்பியைக் கைவிட உறுதியான திட்டம் வேண்டும் என்று 2014-லேயே மருத்துவமனைகளுக்குக் கடிதம் போயிருந்தது. மார்ச் மாதத் திருத்தத்தைப் போடச் சொல்லி 2017 மார்ச்சிலும் ஏப்ரலிலும் எச்சரிக்கை அனுப்பப்பட்டிருந்தது.

தணிக்கையில் தெரியவந்த இன்னொரு செய்தி முக்கியமானது. பாதிக்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவை எக்ஸ்பி அல்ல. அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7. திருத்தம் கைக்கெட்டும் இடத்தில் இருந்தும் போடப்படவில்லை. அப்டேட் வராத கணினிக்கும் வந்த அப்டேட்டைப் போடாத கணினிக்கும் தாக்குபவர் கண்ணில் வித்தியாசம் கிடையாது. ஆகவே இந்த அத்தியாயம் சொல்லும் ஆபத்துகள் இரண்டுக்கும் பொருந்தும்.

வான்னாக்ரை கிளம்பியதும் மைக்ரோசாஃப்ட் வழக்கத்தை மீறி எக்ஸ்பிக்கும் ஒரு திருத்தம் வெளியிட்டது. 2019 மே மாதம் ரிமோட் டெஸ்க்டாப் சேவையில் புளூகீப் என்ற ஓட்டை தெரியவந்தபோதும் அப்படியே செய்தது. இவை விதிவிலக்குகள். இவற்றை நம்பிப் பழைய பதிப்பில் தொடர்வது சரியல்ல. இவற்றைத் தேடிப் போய்க் கையால் நிறுவியவர்களும் சிலரே.

ஆபத்து நுழையும் வழிகள்

*உள்ளூர் நெட்வொர்க்.* ஒரே ரவுட்டரில் இணைந்த கணினிகள் ஒன்றையொன்று எட்ட முடியும். அவற்றில் ஒன்று பழையது என்றால் மற்றவையும் பாதுகாப்பை இழக்கின்றன. இதற்கு ஒரு நடைமுறை உதாரணம் உண்டு. எக்ஸ்பி கணினி எஸ்எம்பியின் முதல் பதிப்பில் மட்டுமே பேசும். 2017-இன் பிற்பகுதி முதல் புதிய விண்டோஸ் நிறுவல்களில் அந்த முதல் பதிப்பு இருப்பதில்லை. பழைய கணினியின் பகிர்வு ஃபோல்டர் புதிய கணினியில் தெரியவில்லை என்று புகார் வந்ததும், சர்வீஸ் செய்ய வருபவர் கன்ட்ரோல் பேனலில் அதை மீண்டும் இயக்கிவிடுகிறார். சில இடங்களில் ஃபயர்வாலையும் சேர்த்து அணைத்துவிடுகிறார். ஃபோல்டர் தெரிகிறது, வான்னாக்ரை பயன்படுத்திய அதே கதவு புதிய கணினியிலும் திறக்கிறது.

*ரிமோட் டெஸ்க்டாப்.* வீட்டிலிருந்தே அலுவலகக் கணினியை இயக்க, ரவுட்டரில் 3389-ஆம் போர்ட்டைத் திறந்து வைப்பது வழக்கமாகிவிட்டது. இணையம் முழுவதையும் சல்லடை போட்டு இந்தப் போர்ட்டைத் தேடும் தானியங்கி நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. பழைய விண்டோஸ் அகப்பட்டால் கடவுச்சொல்கூட இல்லாமல் நுழைய புளூகீப் போன்ற ஓட்டைகள் உதவும்.

*பிரவுசர்.* இயங்குதளத்துக்கு ஆதரவு போனால் சிறிது காலத்தில் பிரவுசரும் கைவிடும். எக்ஸ்பிக்குக் கிடைத்த கடைசி குரோம் 2016-இல் வந்த 49-ஆம் பதிப்பு. விண்டோஸ் 7, 8.1 இரண்டுக்கும் 109-ஆம் பதிப்பே கடைசி. 2023 பிப்ரவரிக்குப் பிறகு வந்த குரோம் அவற்றில் ஓடாது. இணையதளங்களை நம்பகமானவை என்று உறுதிப்படுத்தும் சான்றிதழ்களும் பழைய கணினிகளில் காலாவதியாகிப்போகும். 2021 செப்டம்பர் 30 அன்று பரவலாகப் பயன்பட்ட வேர்ச்சான்றிதழ் ஒன்று காலாவதியானபோது, பழைய சாதனங்கள் பலவற்றில் ஒழுங்கான தளங்களுக்கும் எச்சரிக்கை வரத் தொடங்கியது. எச்சரிக்கை எப்போதும் வருகிறதே என்று அதைத் தாண்டிப் போகப் பழகிவிட்டவர், போலி வங்கித் தளத்துக்கு வரும் உண்மையான எச்சரிக்கையையும் அதேபோல் தாண்டிவிடுவார்.

*பென் டிரைவ்.* ஜெராக்ஸ் கடையில் போட்டு எடுத்த பென் டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருப்பதைப் பலரும் கண்டிருப்பார்கள். பென் டிரைவைச் செருகியதும் அதிலுள்ள நிரல் தானாக ஓடும் வசதியை மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பியிலும் விஸ்டாவிலும் 2011 பிப்ரவரியில் அப்டேட் மூலம் நிறுத்தியது. அதற்கு முன்பே அப்டேட்டை அணைத்துவிட்ட எக்ஸ்பி கணினியில் அது இன்றும் ஓடும்.

*திருட்டு நகல்.* உரிமம் இல்லாத விண்டோஸ் போடும்போது சேர்த்து ஓட்டப்படும் ஆக்டிவேட்டர் நிரல், வேலை செய்வதற்கே ஆன்ட்டிவைரஸை அணைக்கச் சொல்லும். அணைத்த பின் அது வேறு என்ன செய்தது என்று பார்க்க வழியில்லை. இத்தகைய நகல்களில் அப்டேட்டும் பெரும்பாலும் நிறுத்தப்பட்டிருக்கும். பெயருக்கு விண்டோஸ் 11 என்றாலும் நிலைமை எக்ஸ்பியின் நிலைமைதான்.

ஆன்ட்டிவைரஸ் இருந்தால் போதாதா?

போதாது. ஆன்ட்டிவைரஸ் இயங்குதளத்தின் மேல் ஓடும் ஒரு நிரல். இயங்குதளத்தின் அடிமட்டத்தில் உள்ள ஓட்டை வழியாக நுழைபவருக்கு ஆன்ட்டிவைரஸைவிடக் கூடுதல் அதிகாரம் கிடைத்துவிடும். அதை அணைத்துவிடவும் முடியும். அது தெரிந்த தீநிரலைப் பிடிக்கும், ஓட்டையை அடைக்காது. அதோடு, ஆன்ட்டிவைரஸ் நிறுவனங்களும் பழைய பதிப்புகளைக் காலப்போக்கில் கைவிடுகின்றன. மைக்ரோசாஃப்ட் தன் ஆன்ட்டிவைரஸுக்கான தரவை எக்ஸ்பிக்கு 2015 ஜூலையோடு நிறுத்திக்கொண்டது.

“இந்தக் கணினியில் திருட என்ன இருக்கிறது?” என்ற கேள்வியும் பொருந்தாது. தாக்கும் நிரல் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை. ஓட்டை உள்ள எந்தக் கணினியும் அதற்கு இரைதான். உள்ளே மதிப்புள்ள கோப்பு எதுவும் இல்லாவிட்டாலும், அந்தக் கணினி வழியாக ஸ்பேம் அனுப்பலாம், வேறு தளங்களைத் தாக்கலாம், கிரிப்டோ நாணயம் தோண்டலாம். 2019 நவம்பரில் புளூகீப் வழியாக நடந்த முதல் பரவலான தாக்குதல் நாணயம் தோண்டும் நிரலைத்தான் இறக்கியது. கோப்புகளுக்கு வெளியாரிடம் மதிப்பு இல்லாமல் போகலாம். உரியவருக்கு அவை முக்கியம் என்பதே ரேன்சம்வேருக்குப் போதுமான முதலீடு.

மாற்றாமல் இருப்பதற்கான காரணங்கள்

பழைய விண்டோஸ் சோம்பலால் மட்டும் தொடர்வதில்லை. அச்சகங்களிலும் டிடிபி மையங்களிலும் பேஜ்மேக்கரில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் செய்து வைத்த கோப்புகள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருக்கும். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். அதற்கு யூனிகோட் தமிழ் தெரியாது. தொழிற்கூடங்களில் எந்திரத்தோடு வந்த கணினி எக்ஸ்பியில் ஓடும். எந்திரம் தந்த நிறுவனம் புதிய டிரைவர் தராது. பேரலல் போர்ட்டில் செருகும் டாங்கிள் இல்லாமல் திறக்காத மென்பொருள்களும் உண்டு.

இவற்றுக்குத் தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது. விண்டோஸ் 11, 64-பிட்டில் மட்டுமே வருகிறது. 64-பிட் விண்டோஸில் 16-பிட் நிரல்கள் ஓடாது. 32-பிட் டிரைவர்களும் ஏறாது. எனவே “புதிய விண்டோஸ் போட்டுவிடுங்கள்” என்ற ஒற்றை அறிவுரை இங்கே உதவாது. ஒவ்வொரு கணினிக்கும் அதன் வேலையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

என்ன செய்யலாம்: நான்கு வழிகள்

முதலில் கணினியில் இருப்பது எந்தப் பதிப்பு என்று தெரிய வேண்டும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் பதிப்பின் பெயரும் எண்ணும் தெரியும். விண்டோஸ் 7-இல் கம்ப்யூட்டர் என்ற படத்தின் மீது வலது சொடுக்கிட்டு ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தால் போதும். பிறகு அப்டேட் பக்கத்தில் கடைசியாகத் திருத்தம் நிறுவப்பட்ட தேதியைப் பார்க்க வேண்டும். அது இரண்டு மாதத்துக்கு மேல் பழையது என்றால் கணினி கவனிப்பில் இல்லை என்று கொள்ளலாம்.

*1. புதிய பதிப்புக்கு மாறுவது.* விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், செக்யூர் பூட், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறு ஆகியவை தேவை. பிராசஸர் இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். மைக்ரோசாஃப்ட் தரும் பிசி ஹெல்த் செக் என்ற இலவசச் செயலி தகுதியைச் சொல்லிவிடும். டிபிஎம் இல்லை என்று அது சொன்னாலும் உடனே கணினியை ஒதுக்கிவிடக் கூடாது. பல மதர்போர்டுகளில் டிபிஎம் இருந்தும் பயாஸில் அணைக்கப்பட்டிருக்கும். தகுதியில்லாத கணினியில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட முடியும் என்றாலும், அத்தகைய கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. அப்டேட்டுக்காகவே மாறும்போது அந்த வழியில் போவதில் அர்த்தமில்லை.

*2. நீட்டித்த ஆதரவு.* விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பு உள்ள தனிநபர்கள் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் பெற மைக்ரோசாஃப்ட் ஒரு திட்டம் அறிவித்தது. கணினி அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் செய்தால் இலவசம்; இல்லாவிட்டால் 30 டாலர் அல்லது 1,000 ரிவார்ட்ஸ் புள்ளிகள். நிறுவனங்களுக்கு முதல் ஆண்டுக் கட்டணம் கணினிக்கு 61 டாலர். ஒவ்வோர் ஆண்டும் இரட்டிப்பாகும். மூன்று ஆண்டுகளுக்கு மேல் கிடையாது. கட்டணம் ஏறும் விதத்திலிருந்தே இது மாறுவதற்கான அவகாசம் மட்டுமே என்பது புரியும்.

*3. லினக்ஸ்.* பிரவுசர், மின்னஞ்சல், ஆவணங்கள், படம் பார்ப்பது ஆகியவற்றோடு வேலை முடிந்துவிடும் கணினி என்றால் லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவை போதும். லினக்ஸ் மின்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு உண்டு. 4 ஜிபி ரேம் இருந்தால் வசதியாக ஓடும். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, வைஃபையும் பிரின்டரும் வேலை செய்கின்றனவா என்று உறுதி செய்துகொண்ட பிறகு நிறுவலாம். தமிழ்99 விசைப்பலகையும் லிப்ரே ஆஃபீஸும் கிடைக்கும். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒரு தெரிவு. டேலி, பேஜ்மேக்கர் போன்றவை லினக்ஸில் நேரடியாக ஓடாது என்பதை முன்பே கணக்கில் கொள்ள வேண்டும்.

*4. தனிமைப்படுத்துவது.* மேற்கண்ட மூன்றும் முடியாத இடத்தில், பழைய கணினியை நெட்வொர்க்கிலிருந்து வெட்டிவிட்டு அதன் வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

தனிமைப்படுத்தும் முறை

மென்பொருள் மட்டும்தான் பழையது, எந்திரம் எதுவும் இணைக்கப்படவில்லை என்றால், எக்ஸ்பியை மெய்நிகர் கணினியாக மாற்றுவது நல்லது. விண்டோஸ் 11-இல் விர்ச்சுவல்பாக்ஸ் நிறுவி, அதற்குள் எக்ஸ்பி போட்டு, அதன் நெட்வொர்க் அடாப்டரை அணைத்துவிட வேண்டும். பேஜ்மேக்கர் உள்ளே ஓடும். இணையம் வெளியே இருக்கும். பழைய எழுத்துருவில் உள்ள உரைகளை என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவியால் யூனிகோடுக்கு மாற்றும் வேலையையும் சிறிது சிறிதாகத் தொடங்கினால், ஒரு கட்டத்தில் அந்த எக்ஸ்பியே தேவைப்படாது.

எந்திரத்தோடு இணைந்த கணினி என்றால் கீழ்க்கண்டவற்றைச் செய்ய வேண்டும்.

- நெட்வொர்க் கேபிளைக் கழற்றி, வைஃபை அடாப்டரை டிவைஸ் மேனேஜரில் முடக்க வேண்டும்.
- நெட்வொர்க் கட்டாயம் தேவை என்றால், இணையமும் மற்றக் கணினிகளும் எட்டாத தனிப் பிரிவில் வைக்க வேண்டும். இதற்குத் தனி ஸ்விட்ச்சோ ரவுட்டரில் தனிப் பிரிவோ போதும்.
- பிரவுசர், மின்னஞ்சல் செயலி, வேண்டாத மென்பொருள்கள் அனைத்தையும் நீக்க வேண்டும்.
- அன்றாட வேலைக்கு நிர்வாகி அல்லாத கணக்கு ஒன்றை உருவாக்க வேண்டும்.
- கோப்பு கொண்டுவர ஒரே ஒரு பென் டிரைவை ஒதுக்கி, ஒவ்வொரு முறையும் புதிய கணினியில் ஸ்கேன் செய்த பிறகே செருக வேண்டும்.
- ஹார்ட் டிஸ்க்கின் முழு நகல் ஒன்றை எடுத்து வைக்க வேண்டும். பழைய கணினியில் வைரஸுக்கு முன்னால் ஹார்ட் டிஸ்க்கே போய்விடலாம்.

தனிமைப்படுத்தியதோடு வேலை முடிந்துவிடாது. உலகின் மிகப் பெரிய சிப் தயாரிப்பு நிறுவனங்களில் ஒன்றான தைவானின் டிஎஸ்எம்சியில் 2018 ஆகஸ்டில் புதிய எந்திரம் ஒன்று வைரஸ் சோதனை செய்யப்படாமல் ஆலையின் உள் நெட்வொர்க்கில் இணைக்கப்பட்டது. அதிலிருந்த வான்னாக்ரையின் ஒரு வகை, திருத்தப்படாத விண்டோஸ் 7 ஓடிய கருவிகளுக்குத் தாவி உற்பத்தியை நிறுத்தியது. திருத்தம் வெளியாகி அப்போது 17 மாதங்கள் ஆகியிருந்தன. மூடிய நெட்வொர்க்குக்குள் எது நுழைந்தாலும் சோதித்தே நுழைய வேண்டும் என்பது இதன் பாடம்.

பேக்கப்

மேற்கண்ட நான்கில் எந்த வழியைத் தேர்ந்தாலும் அதற்கு முன் பேக்கப் எடுத்தாக வேண்டும். மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறு இடத்தில் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விதி. எப்போதும் கணினியில் செருகியே இருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கை ரேன்சம்வேர் சேர்த்தே பூட்டிவிடும். பேக்கப் முடிந்ததும் கழற்றி வைக்க வேண்டும். மாதம் ஒரு முறையாவது அதிலிருந்து ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துத் திறந்து பார்க்க வேண்டும். திரும்ப எடுக்க முடியாத பேக்கப்பால் பயனில்லை.

கைபேசிகள்

ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கும் இதே விதிதான். செட்டிங்ஸில் ஆண்ட்ராய்டு பதிப்பைப் பற்றிய பக்கத்தில் பாதுகாப்புத் திருத்தத்தின் தேதி இருக்கும். அது ஓராண்டுக்கு மேல் பழையதாக இருந்து, அப்டேட்டும் வரவில்லை என்றால், அந்தக் கைபேசியில் யுபிஐ, வங்கிச் செயலிகளைத் தவிர்ப்பது நல்லது. புதிய கைபேசி வாங்கும்போது எத்தனை ஆண்டு திருத்தங்கள் வரும் என்று கேட்டு வாங்க வேண்டும். கூகுள் பிக்சல் 8-க்கும் சாம்சங் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு ஆண்டுகள் என்று அறிவிக்கப்பட்டது. விலை குறைந்த கைபேசிகள் பலவற்றுக்கு அதில் பாதிகூட இல்லை.

நிறுவனங்களின் கடமை

பல கணினிகள் உள்ள இடத்தில் முதல் வேலை பட்டியல். எந்தக் கணினி, எந்தப் பதிப்பு, ஆதரவு முடியும் தேதி, அதில் ஓடும் மென்பொருள், பொறுப்பாளர் ஆகிய ஐந்தும் ஒரு விரிதாளில் இருந்தால் போதும். ஆதரவு முடிவதற்கு ஓராண்டு முன்பே மாற்றுக்கான செலவை வரவுசெலவுத் திட்டத்தில் சேர்த்துவிட வேண்டும். மருத்துவக் கருவி, தொழிற்சாலை எந்திரம் போன்றவற்றை வாங்கும்போது, அதன் ஆயுட்காலம் முழுவதும் கணினிப் பகுதிக்குத் திருத்தம் தரப்படும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது பின்னால் வரும் தலைவலியைத் தவிர்க்கும்.

இந்தியாவில் இதைக் கட்டாயமாக்கிய முன்னுதாரணம் உண்டு. ஏடிஎம் எந்திரங்கள் பல எக்ஸ்பியிலும் ஆதரவு முடிந்த வேறு பதிப்புகளிலும் ஓடியதைக் கண்ட ரிசர்வ் வங்கி, 2018 ஜூன் 21 அன்று வங்கிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பயாஸுக்குக் கடவுச்சொல், யுஎஸ்பி போர்ட்டுகளை முடக்குவது, தானாக ஓடும் வசதியை நிறுத்துவது ஆகியவற்றை 2018 ஆகஸ்டுக்குள் செய்யச் சொன்னது. ஆதரவுள்ள இயங்குதளத்துக்கு 2018 செப்டம்பருக்குள் கால் பங்கு, டிசம்பருக்குள் பாதி, 2019 மார்ச்சுக்குள் முக்கால் பங்கு, ஜூனுக்குள் முழுவதும் மாற வேண்டும் என்று கெடு விதித்தது. முதலில் கதவுகளை அடைத்துவிட்டுப் பிறகு கட்டங்கட்டமாக மாறும் இந்த வரிசை எந்த அலுவலகத்துக்கும் பொருந்தும்.

வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருப்பவர்களுக்குச் சட்டப் பொறுப்பும் சேர்கிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

தாக்குதல் நடந்துவிட்டால்

கோப்புகளின் பெயர் தானாக மாறுவதோ பணம் கேட்கும் திரையோ தெரிந்தால், முதலில் நெட்வொர்க் கேபிளைக் கழற்றி வைஃபையை அணைக்க வேண்டும். மற்றக் கணினிகளையும் ரவுட்டரிலிருந்து பிரிக்க வேண்டும். பேக்கப் டிஸ்க்கை அந்தக் கணினியில் செருகவே கூடாது. திரையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். உடனே ஃபார்மட் அடித்துவிட்டால் தடயங்களோடு, கோப்புகளைப் பின்னால் மீட்கும் வாய்ப்பும் அழிந்துவிடும். சில ரேன்சம்வேர்களுக்குப் பூட்டை நீக்கும் இலவசக் கருவிகள் வந்திருக்கின்றன. எந்த வகை என்று தெரியும்வரை டிஸ்க்கை அப்படியே எடுத்து வைப்பது நல்லது. பணம் கட்டினால் கோப்பு திரும்ப வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இந்தியாவில் பண இழப்பு நேர்ந்தால் 1930 என்ற எண்ணிலும் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகார் செய்யலாம். நிறுவனங்கள் இத்தகைய சம்பவங்களைத் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற சைபர் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28-இல் வெளியான உத்தரவு சொல்கிறது. இலங்கையில் இதற்கான அமைப்பு ஸ்ரீலங்கா செர்ட். கணினியை மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும்போது டிஸ்க்கை முழுமையாக அழித்து, ஆதரவுள்ள பதிப்பைப் போட்டு, எல்லா அப்டேட்டுகளும் ஏறிய பிறகே பேக்கப்பிலிருந்து கோப்புகளை எடுக்க வேண்டும். கடவுச்சொற்கள் அனைத்தையும் வேறொரு கணினியிலிருந்து மாற்றிவிட வேண்டும். பழைய பதிப்பையே மறுபடியும் போட்டால், நுழைந்த ஓட்டை அடைபடாமல் அப்படியே இருக்கும்.